வெட்டுக் கோட்டில் ஒரு வளைவு

…இல்லை, இது வேறு யாருடைய கையும் இல்லை, இந்த வளைவு எனக்குத் தெரியும், வெட்டுக் கோடு மரத்தைப் பாதி சுற்றி இறங்கி வந்து, பால் சிரட்டைக்குள் விழுகிற இடத்துக்கு இரண்டு விரல் முன்னால், கத்தியைக் கொஞ்சம் தூக்கி எடுத்த மாதிரி ஒரு சின்ன வளைவு, பால் வழி தவறிப் பட்டையில் ஒழுகிவிடக் கூடாது என்று யாரோ தானாகக் கண்டுபிடித்துச் செய்கிற வேலை. பதினோரு வருடமாகத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்கையா உத்தியோகம், ரப்பர் மரம் மரமாகக் குனிந்து வெட்டைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு, எத்தனை கைகளைப் பார்த்திருப்பேன், இப்படி ஒன்றை எந்த மரத்திலும் பார்த்ததில்லை… பார்த்திருக்கிறேன், ஒரே இடத்தில், என் போனில். ஆணுக்கு ஆண் தேடுகிற அந்த ஆப்பில் முதல் நாள் அவன் அனுப்பிய படத்தில். முகம் கிடையாது, கழுத்துக்குக் கீழே வெறும் நெஞ்சு, பக்கத்தில் ஒரு ரப்பர் மரம். முகத்தை அவ்வளவு கவனமாக வெட்டியவன் மரத்தை விட்டுவிட்டான், மரத்துக்கு ஏது முகம் என்று நினைத்திருப்பான். நியாயம்தான். வேறு எவனாக இருந்தாலும் நெஞ்சைத்தான் பார்த்திருப்பான். நான் வெட்டைப் பார்த்தேன், ஒரு காயம்கூட இல்லாமல் எவ்வளவு மெல்லிசாகச் சீவியிருக்கிறான் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நாய் வாலை நிமிர்த்தவா முடியும்.

இப்போதும் போனை எடுத்து மரத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன், அதே வளைவு, அதற்கு மேலே அதே முடிச்சு. இந்த மரமேதான். இந்த டிவிஷன் என்னுடையது இல்லை, இங்கே உள்ள கண்டக்கையா லீவு என்பதால் இந்த வாரம் மட்டும் என்னை அனுப்பியிருக்கிறார்கள், வந்த மூன்றாம் நாளே இப்படியா. மணி ஒன்பதரை. காலையில் வெட்டிய பால் இன்னும் சொட்டுச் சொட்டாக விழுகிறது, பத்து மணிக்கு மேல் வெட்டியவனே வாளியோடு வந்து எடுப்பான், அவனைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை, இந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தால் போதும். இந்த மரங்கள் யாருடையவை என்று கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பெயர் வரும், பெயர் வந்தால் கங்காணி ஏன் என்று பார்ப்பார், அப்புறம் தொழிலாளர் லயத்தில் யாரோ ஒருத்தர் அதைச் சொல்ல, இன்னொருத்தர் கூட்ட… வேண்டாம். சட்டைப் பையில் அவனிடம் கொடுக்க வேண்டிய சீட்டு இருக்கிறது. இரண்டு வாரமாக இருக்கிறது, சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டும் மாறுகிறது. அதில் என் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும், அதைக் கொண்டுபோய் நீட்டினால் யார் எவர் என்று கேட்காமல் ரத்தம் எடுப்பார்கள், இரத்தினபுரி கிளினிக்கில் நர்ஸ் அப்படித்தான் சொன்னாள். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது நான் உர மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன், ஒரு மாதம் களிம்பு பூசினேன், படித்தவன் என்று பெயர். சிபிலிஸ் என்றாள். பய வென்ன எபா மல்லி, ஊசி போட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை தம்பி என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் இரண்டு ஊசி, உட்கார முடியாமல் எஹலியகொட வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உங்களோடு இருந்தவர் யார், அவருக்குச் சொல்லிவிட்டீர்களா? நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன்? அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது, மனைவி மாசமாக இருக்கிறாள் என்றேன். அதுவரைக்கும் சிரித்துப் பேசியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

மூன்றாம் மாதத்தில் எல்லாத் தாய்மாருக்கும் ரத்தம் பார்ப்பார்கள், அப்போது ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும், நீங்கள் சந்தித்தது அதற்குப் பிறகு, அதனால் யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது, ஆனால் பிள்ளைக்குப் போகும், பிறக்கும் முன்னாலேயே போகும், இப்போது ஊசி போட்டால் காப்பாற்றலாம் என்றாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன், எனக்கு முந்தின வருடம் கொழும்பில் ஒருவன் இருந்தான், அப்படியானால் நானே… அது முக்கியமில்லை என்றாள். அவளுக்கு முக்கியமில்லை. நான் தினம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்ல, அவன் ஆப்பில் இல்லை, அந்தப் பெயரே இல்லை. அருண் என்றான், கேகாலைப் பக்கம் என்றான், மேசன் வேலை என்றான். கேகாலைக்காரன் ஆப்பில் எப்படி மூன்று கிலோமீட்டரில் காட்டுவான்? பொய் என்று தெரிந்தும் நான் கண்டுகொள்ளவில்லை, நான் மட்டும் என்ன, ஸ்கூல் மாஸ்டர் என்று சொல்லியிருந்தேனே. டவுனுக்கு வெளியே அந்த கெஸ்ட் ஹவுஸில் மூன்று தடவை, மூன்றும் பிற்பகல், ஃபேன் சத்தம், கதவுக்கு வெளியே யாராவது நடந்தால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பால் வெட்டுகிறவன் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் ஒரு வாடை இருக்கும், எனக்குத் தெரியாததா, அவன் கையில் அது இல்லை, அதையும் நான் யோசிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதுதான் காரணம். மூன்றாம் தடவை சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, வீட்டில மாசமா இருக்காங்க, இதோட நிப்பாட்டிருவோம் என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றைக்கே ஆப்பில் அவன் காணாமல் போனான், நான் அழவில்லை, முதலாளிக்கு மாதாந்த ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது வருவான். வந்ததும் என்ன சொல்ல? பயப்படாதே என்று முதலில் சொல்ல வேண்டும், நர்ஸ் சொன்ன மாதிரி. பிறகு சீட்டைக் கொடுக்க வேண்டும். பிறகு, உன் மனைவியை உடனே கூட்டிக்கொண்டு போ, என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை. அப்புறம் ஏன் இத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்தேன், ஏன் இப்போது சட்டைக் காலரை இழுத்து நேராக்கிக்கொள்கிறேன்? உண்மையைச் சொன்னால், ஒத்திகை பார்த்ததில் பாதி நோயைப் பற்றியது இல்லை. எப்படி இருக்கே. ஏன் அன்னைக்கே ஆப்பில இருந்து மறைஞ்சு போனே. என்னை ஒரு தடவையாவது நினைச்சியா. ஒரு பிள்ளையின் உயிர் பையில் இருக்கிறது, எனக்கு இதுவா பெரிசு… வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு மாதத்தில் அவனிடம் போய் நிற்க எனக்குக் கிடைத்த ஒரே நியாயம் இந்தச் சீட்டுதான். குவாட்டர்ஸில் தனியாகச் சோறு பொங்கித் தின்கிறவனுக்குப் புரியும். அம்மா மாதாமாதம் பெண் பார்த்துப் படம் அனுப்புகிறாள், அந்தப் படங்களில் முகம் இருக்கிறது.

காலடிச் சத்தம் கேட்டது, எழுந்தேன், வாளி ஒன்று மரத்தில் இடித்தது… ஒரு பெண். இடுப்பில் சாக்குத்துணி, அது வயிற்றின் மேல் ஏறி நிற்கிறது, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறி வருகிறாள். என்னைக் கண்டதும் நின்றாள். "கும்புடுறேங்க ஐயா. மரத்துல ஏதும் காயம் வச்சிட்டேனா?" நான் மரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இது நீங்க வெட்டுறதா என்றேன். "ஆமாங்க, ஜீவராணி. இந்தப் பக்கம் முச்சூடும் என் மரந்தான், மாசமானதுமே கங்காணி ரோட்டோரமா குடுத்துட்டாரு, இப்ப ஏழு மாசம்." இந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் பெண்கள்தான் வெட்டுகிறார்கள், நானே தினம் ஆள் கணக்கில் பேர் போடுகிறேன், ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது இவள் கையை. இந்த வளைவு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே. அவள் சிரித்தாள். "நானாப் பழகிக்கிட்டதுங்க. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு. பால் தூக்க வரும்போதெல்லாம் இந்த மரத்துக்கிட்ட நின்னுதான் போன்ல படம் புடிப்பாரு, எனக்கு அனுப்புவாருன்னு பாத்தா, ஒன்னும் வராது." என்ன வேலை செய்கிறார் என்றேன். "மேசன் வேலைங்க." அது பொய் இல்லை. பெயர், ஊர், வேலை என்று அவன் சொன்னதில் அது ஒன்று உண்மையாக இருந்திருக்கிறது.

அவள் சிரட்டையைச் சாய்த்துப் பாலை ஊற்றி, விரலால் அடியை வழித்தாள், குனிய முடியாமல் மூச்சு வாங்கியது, நான் அடுத்த சிரட்டையை எடுத்துக் கொடுத்தேன், ஐயா நீங்க எதுக்கு என்று பதறினாள். ரத்தம் பார்த்தீங்களா என்றேன். மூணு மாசத்துல மிட்வைஃப் மிஸ் எடுத்தாங்க, ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்க என்றாள். ஏழாம் மாசத்திலும் எடுக்கணுமாம், இரத்தினபுரியில் ஒரு நர்ஸ் சொன்னாங்க, ஊசி ஏதும் தேவைப்பட்டால் இப்பவே போட்டுருவாங்க, பிள்ளைக்கு நல்லது என்றேன். பொய் இல்லை. யாருக்குச் சொன்னாள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "புள்ளைக்கு ஏதுமாங்க ஐயா?" இல்லை, பார்க்கணும், அவ்வளவுதான், இந்த வாரமே போங்க, வீட்டுக்காரரும் எடுக்கணும். "அவரு கொழும்புல வேலைக்குப் போயி ஒரு மாசமாச்சுங்க. நான் கூப்பிட்டா லீவு இல்லம்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், கண்டக்கையா சொன்னா கேப்பாரு." நான் வேண்டாம் என்பதற்குள் அவன் நம்பரை அழுத்திவிட்டாள், பால் பட்ட போனைச் சாக்கில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். திரையில் சசி மாமா என்று இருந்தது. சசி. வாங்கிக் காதில் வைத்தேன்.

"சொல்லு புள்ள… சாப்பிட்டியா? கால் வீக்கம் வத்திருச்சா?" அவன்தான். ஆனால் கெஸ்ட் ஹவுஸில் நான் கேட்டது தணிந்த குரல், ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டே அவசரமாகப் பேசிய குரல். இதில் அவசரம் இல்லை, பயம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பேசும் போல இருந்தது. இரண்டு மாதமாக நான் தேடியது இந்தக் குரலைத்தான், ஆனால் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை, யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை, சாப்பிட்டாயா என்று… "புள்ள? கேக்குதா? என்ன, பேச மாட்டியா, கோவமா?" ஜீவராணி, சொல்லுங்க ஐயா என்று தலையை ஆட்டுகிறாள். சொல்லத்தான் போகிறேன். நான் வாயைத் திறந்த உடனே இந்தக் குரல் நின்றுவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் எனக்குக் கேட்காது, தெரிகிறது, இன்னும் ஒரு மூச்சு நேரம் மட்டும் பேசாமல் நின்றேன்.