கட்டு போட்ட மோட்டார்

வாரண்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். வாங்குகிறபோது தேன் ஒழுகப் பேசுவார்கள். இரண்டு வருசத்துக்குக் கவலையே வேண்டாம், எது கெட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். கெட்டுப்போன மோட்டாரைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்திப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

நான் வாங்கியது புத்தம் புதுக் கப்சாய். இந்தச் சின்ன மோட்டார் சைக்கிள்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். செலண்டாரிலிருந்து ஆயர் குரோவில் நான் காவல் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்குப் போய்வர அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அதற்கு முன்னால் நான் ஓட்டியதெல்லாம் எவனோ ஓட்டித் தேய்த்த மோட்டார்கள். கடையிலிருந்து உறை பிரிக்காத மோட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. என் மனைவி கமலவேணி சீட்டு மேலிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றவே விடவில்லை. வெயிலில் அது தொடையோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போதெல்லாம் பர்ரென்று சத்தம் போட்டு மானத்தை வாங்கியது.

இரண்டு மாசம்கூட ஓடவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிறபோது, சிம்பாங் சந்திப்பில் வலது பக்கம் திரும்பினேன். நடுரோட்டில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருகிறது. ஸ்டார்ட்டரை அமுக்குகிறேன், முக்குகிறது, எரியவில்லை. லாரிக்காரன் புண்ணியவான், ஹார்னை அடித்துக்கொண்டே புல்வெளிப் பக்கம் ஒடித்து இறக்கிவிட்டான். நாலைந்து குலை ரோட்டில் உருண்டன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மோட்டாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மலாக்கா டவுனில் வாங்கின கடைக்கே ஏற்றிக்கொண்டு போனேன். சர்வீஸ் கவுண்டரில் தேவமலர் என்று ஒரு பெண், நம்ம பிள்ளைதான். மெக்கானிக் எண்ணெய்த் தொட்டிக்குள் இருந்த பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தான். அதன் வடிகட்டி முழுக்க சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி அப்பிக்கிடந்தது. பெட்ரோலோடு வேறு பொருள் கலந்திருந்தால் வாரண்டி செல்லாதாம், பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் என் சொந்தச் செலவாம். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு லாரிக்கு முன்னால் நின்றவன் வேறு. உங்கள் தொழிற்சாலையில் தொட்டியைக் கழுவாமல் பூட்டி அனுப்பிவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று போட்டேன் ஒரு சத்தம். காத்திருந்தவர்கள் எல்லாம் கைப்பேசியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

தேவமலர் முகம் சுளிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அங்கிள், இது யாரோ தொட்டியைத் திறந்து போட்டது லா. ஒங்க மேல யாருக்காச்சும் கோவமா?" என்று கேட்டாள்.

என் மேல் கோபம் இல்லாதவர்களைக் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்றுகிற பங்களாதேஷ் பையனை நினைத்தேன், பக்கத்து வீட்டுக்காரனை நினைத்தேன், கமலவேணியின் அண்ணனை ரொம்ப நேரம் நினைத்தேன். அந்தச் சேற்றில் கொஞ்சம் வழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கமலவேணி அதை நியூஸ்பேப்பரில் கொட்டி வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது துன்னூறுங்க," என்றாள். "அதுவும் நம்ம கோயில் துன்னூறு. கடைத் துன்னூறு இப்படி நறநறன்னு இருக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கோயில் என்றால் பழைய தோட்டத்து முனீஸ்வரன் கோயில். அங்கே சாணி எரித்துத் திருநீறு செய்வது ஒரே ஆள்தான். காளிமுத்து அண்ணன்.

தோட்டத்தில் யார் புது மோட்டார் வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். லயத்து வீடுகளை எல்லாம் இடித்து, சனங்கள் செலண்டாரில் ஆளுக்கொரு தாமானில், புது வீடமைப்புப் பகுதியில், குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. சுற்றிச் செம்பனை, நடுவில் கோயில், அதன் முன்னால் புது மோட்டார். அண்ணன் மாலை போடுவார், தேங்காய் உடைப்பார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்வார். அப்புறம்தான் முக்கியமான சடங்கு. மோட்டார்க்காரனும் கூட வந்தவர்களும் திரும்பிப் பார்க்காமல் கோயிலை மூன்று சுற்று வரவேண்டும். அந்த நேரத்தில் அவர் தனியாக நின்று மோட்டாருக்குக் கட்டு போடுவார். கட்டு என்றால் காவல், துர்ச்சாவு அண்டாது. என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. சாமி காரியம், கேட்கக் கூடாது. என் கப்சாயும் வாங்கின கையோடு அங்கேதான் போய் நின்றது.

ஆக மூன்று சுற்று நாங்கள் சுற்றுகிற நேரத்தில், மனுசன் தொட்டி மூடியைத் திறந்து ஒரு பிடி திருநீற்றை உள்ளே போட்டிருக்கிறார். எத்தனை வருசமாக!

நினைக்க நினைக்க எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் காலத்து மோட்டார்களில் இன்ஜெக்டர் கிடையாது, கார்ப்ரேட்டர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்து அதைக் கழற்றிப் பால்டின்னில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவோம். ஒருத்தன் ஸ்பானர் எடுத்தால் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், எவன் வீட்டிலிருந்தாவது பெரிய குவளையில் கோப்பி வரும். டின்னுக்கு அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் நிற்கும். எண்ணெயில் கலப்படம் என்று பெட்ரோல் விற்ற கடைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே அதை வடிகாலில் கொட்டிவிட்டு மாட்டினால் மோட்டார் பறக்கும். பாவம் அந்த மனிதர், செய்யாத தப்புக்குச் செத்தபிறகும் ஏச்சு வாங்கினார். அன்றைக்கு யாருக்கு வாரண்டி தெரியும்? கெட்டால் நாங்களே பிரிப்போம், நாங்களே மாட்டுவோம். ஒரு திருகு மிஞ்சினால் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம்.

அந்த வாசலில் எனக்கு மோட்டார் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் சின்னத்தம்பி, காளிமுத்து அண்ணனின் தம்பி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் புது மோட்டார் வாங்கியவன் அவன்தான். ரப்பர் பால்வெட்டு முடிந்து குளித்தவுடன் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். மலாக்காவில் படம், முடிந்ததும் உம்பாய்க் கடற்கரையில் சுட்ட மீன். காற்றில் அவன் சட்டை உப்பி என் முகத்தில் அடிக்கும். பின்னால் உட்கார்ந்து நான் பாடுவேன், வாயை மூடுடா, பூச்சி உள்ளே போயிடும் என்று அவன் கத்துவான். அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கப்புறம் எந்த வண்டியிலும் போனதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

ஒரு மழைநாளில் அவன் மட்டும் தனியாகப் போனான். செலண்டார் வளைவில் டயர் வழுக்கி மரத்தில் அடித்துவிட்டது. அப்பா அம்மா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் காளிமுத்து அண்ணன். காரியம் முடிந்த மறுநாளே அவர் போய் அந்தக் கோயிலில் உட்கார்ந்தார். தோட்டத்துப் பிள்ளை இன்னொன்று இப்படிப் போகக் கூடாது என்று முனீஸ்வரனிடம் கேட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்துதான் கட்டு.

இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சாயங்காலம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் கோயிலுக்குப் போனேன். லாரி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அண்ணன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தோள், கை, முதுகெல்லாம் தடவிப் பார்த்தார். ஊருக்குள் சேதி அதற்குள் போயிருக்கிறது.

"லாரிக்கு முன்னாடி நின்னியாமேடா. ஒரு கீறலும் இல்ல பாத்தியா. கட்டு காப்பாத்திருச்சுடா தர்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். எப்படிச் சொல்வேன்? உன் கட்டுதான் என்னை லாரிக்கு முன்னால் நிறுத்தியது என்று அந்த முகத்தைப் பார்த்து எவனால் சொல்ல முடியும்? சொன்னால் அந்த மனுசன் அன்றோடு சரி. தம்பி போன பிறகு அவர் பிழைத்துக் கிடப்பதே இந்த ஒரு பிடி திருநீறால்தான். சொல்லாமலும் விட முடியாது. இருசம்மாள் மகன் திலீபன் புது மோட்டார் எடுத்திருக்கிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை என்று அண்ணனே சந்தோசமாகச் சொன்னார். அவனுடையதும் இன்ஜெக்‌ஷன் மோட்டார்தான். என் லாரிக்காரன் புண்ணியவான். திலீபனுக்கு எதிரே வருகிறவன் எப்படியோ.

மறுநாள் தேவமலருக்குப் போன் போட்டு, மேலிடத்துக்கு எழுத வேண்டாம், சொந்தச் செலவிலேயே செய்துவிடுங்கள் என்றேன். யார் போட்டதென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். தெரிந்துவிட்டது, கோபத்தில் போட்டதில்லை என்று மட்டும் சொன்னேன். நேற்றுச் சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். செலவை நினைத்துக் கமலவேணி மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே, அண்ணன்கிட்ட பக்குவமா சொல்லுங்க, ஒங்க வாய வச்சுக்கிட்டு போட்டு ஒடச்சிடாதீங்க என்றாள்.

சனிக்கிழமை மோட்டார் கைக்கு வந்தது. நேரே கோயிலுக்கு விட்டேன். அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைக்காரன் மோட்டாரைப் பிரித்துவிட்டான், கட்டு அவிழ்ந்திருக்கும், மறுபடி போட்டுவிடுகிறேன், நீ போய்ச் சுற்று என்றார். கையில் திருநீற்றுத் தட்டு.

நான் நகரவில்லை. தொட்டி மூடி மேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இத தொறக்கக் கூடாதுண்ணே. தொறந்தா வாரண்டி போயிடும். இப்ப வர்ற எல்லா மோட்டாருக்கும் அப்படித்தான். திலீபனுதும் சேத்துத்தான்," என்றேன்.

"அப்ப கட்ட எங்கடா போடுறது?"

"ஓட்டுறவன் நெத்தியில போடுங்கண்ணே. அவனுக்கு வாரண்டி கிடையாதுல்ல."

அண்ணன் தட்டைப் பார்த்தார், தொட்டி மூடியைப் பார்த்தார். கட்டைத் தொட்டிக்குள் போடுவதாக அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்குவமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

"ஒன் மோட்டார நிப்பாட்டுனது என் துன்னூறுதானா?" என்று கேட்டார்.

இல்லை, தொழிற்சாலைக் கோளாறு, வாரண்டியிலேயே செய்து கொடுத்துவிட்டான் என்று மோட்டார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"சின்னத்தம்பியும் இப்படித்தான். பொய் சொல்றப்ப மூஞ்சியப் பாக்க மாட்டான்," என்றார்.

தட்டை மோட்டார் சீட்டில் வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பிள்ளைகளின் மோட்டாரில் போட்டேன், எத்தனை பிள்ளைகள், என்று திரும்பத் திரும்ப முனகினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த மோட்டார் எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ரங்கசாமியுடையது, மணியத்துடையது, கணேஸ்வரன் மாற்றி மாற்றி வாங்கிய மூன்று. விழுந்தவன் உண்டு, கை ஒடித்துக்கொண்டவன் உண்டு. அதற்கு மேல் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை வருசத்தில் ஒன்றுகூட இல்லை.

அவர் மோவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"சின்னத்தம்பிக்கு அப்புறம் நம்ம தோட்டத்துப் பிள்ள ஒருத்தன்கூட மோட்டார்ல சாகலண்ணே."

அவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன். அவரும் என் கண்ணையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து தட்டை எடுத்து, என் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டு, கண்ணில் விழாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஊதினார்.