வாசல் கதவுக்கு ஒரு துணி

பிலடெல்பியா, 9 அக்டோபர் 1918. காலை.

காலுறை தேடி அலமாரியைக் குடைந்தபோது ஒரு வெள்ளைத் துணி கையில் பட்டது. ஓரம் மடித்துத் தைத்து, ஆணியில் மாட்ட ஒரு வளையமும் வைத்திருந்தாள் அம்மா.

இங்கே சாவு விழுந்த வீட்டுக் கதவில் துணி தொங்கும். கிழவர்களுக்குச் சாம்பல் நிறம், பெரியவர்களுக்குக் கருப்பு, பிள்ளைகளுக்கு வெள்ளை. இந்த வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான். போன வாரம் நான் விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது தைத்திருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"ஜன்னலுக்குத் திரை."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு சின்ன ஜன்னல் எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

நான் பிழைத்துவிட்டேன். ஆறு நாள் என் நெற்றியில் ஈரத்துணி போட்ட அப்பாதான் இப்போது அதே கட்டிலில் கிடக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. அப்படியும், நான் நாட்குறிப்பு எழுதுவதைப் பார்த்துக் கிண்டல் செய்கிறார்.

"எழுத்தாளரம்மா, மைய இப்பிடித் தண்ணியா செலவழிக்கிறியே! அடுத்த புட்டி கிறிஸ்துமஸுக்குத்தான், ஆமா."

"வாங்கித் தருவீங்கல்ல அப்பா?"

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

மாலை.

மூன்று மணிக்கு அப்பா செத்துப்போனார்.

அம்மா கருப்புத் துணி தேடிப் போனாள். நான் அப்பாவோடு தனியாக இருந்தேன். கட்டில் பக்கம் போகாமல் கதவோரமே நின்றேன். என் அப்பாவைப் பார்த்தே பயந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஊரெல்லாம் சாவு; நாலு கடை ஏறி இறங்கியும் அம்மாவுக்குக் கருப்புத் துணி கிடைக்கவில்லை. தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அலமாரியைத் திறந்து, எனக்குத் தைத்ததை எடுத்தாள்.

"ஹெல்ச்சா, ஒன் மைப்புட்டியக் குடு."

"கொஞ்சந்தாம்மா இருக்கு."

"இருக்கிறதக் குடு, கண்ணு."

கிண்ணத்தில் மையை ஊற்றி, துணி நனையும்படி தண்ணீர் சேர்த்தோம். ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்தோம். அம்மா ஒருதரம் இருமினாள்.

"தூசி," என்றாள், நான் கேட்காமலே.

இதைப் பென்சிலில் எழுதுகிறேன். துணி கதவில் காய்ந்துவிட்டது. மை போதவில்லை, சாம்பல் நிறமாகத்தான் வந்திருக்கிறது. தெருவில் போன ஒரு பெண் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவம், வயசானவங்க போல," என்று கூட வந்தவளிடம் சொன்னாள்.

அப்பாவுக்கு முப்பத்து நாலு வயது.