பக்கம் திறந்தால் விழும் அடி

காகித அக்காவின் கை எழமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பக்கத்தைத் திறந்தால் அக்கா ஜம்மென்று எழுந்து நின்றாள். மூக்குக்கண்ணாடி, காதுவரை விரிந்த வாய், எல்லாம் அச்சு அசல் அவளேதான். வலது கை மட்டும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. அந்தக் கை ஓங்கி, எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தானின் தோளில் சப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அக்காவே இல்லை.

ஏனென்றால் அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் கை சும்மா இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்கு ஓர் அடி நிச்சயம். கல்யாண வீடானாலும் கண் ஆஸ்பத்திரியானாலும் அவளுக்கு ஒன்றுதான். விவரம் தெரிந்தவர்கள் ஒரு நாற்காலி தள்ளியே உட்காருவார்கள்.

கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் அவளுடைய தங்கை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் வேலை. வீட்டில் எல்லாருக்கும் அவள் 'நட்டு'. பதினான்கு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டை அரை மணியில் கிளப்பிவிடுவாள். விரல் நீளக் காகிதக் கையைக் கிளப்ப மூன்று வாரமாக முடியவில்லை.

இடம், நூலகத்தின் மாடி அறை. நெருங்கியவரைப் பறிகொடுத்த சிலர் சனிக்கிழமை மதியங்களில் அங்கே கூடினார்கள். கூட்டிவைத்தது நூலகர் அம்மா. "அழறதுக்கு வீடு இருக்கு. இங்க வெட்டுங்க, ஒட்டுங்க. நடுவுல அழுகை வந்தா பசையை மட்டும் மூடி வச்சிருங்க, காஞ்சுடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு பக்கம். திறந்தால் எழுந்து நிற்கும் பக்கம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டுவதாக ஏற்பாடு. கட்டுகிறவர் அன்று ஐந்து மணிக்கு வந்துவிடுவார்.

நட்டுவின் கவலை ஐந்து மணி அல்ல, வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தது. அத்தான் அங்கேதான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார். அக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் தையல்காரர். அவர் தைக்க, அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக் காட்டுவாள். சிரிப்பான இடம் வந்தால் தோளில் அடி விழும், தையல் ஒரு நூல் கோணிக்கொள்ளும். அதற்குச் 'சிரிப்புத் தையல்' என்று பெயர் வைத்து, பிரிக்காமல் அப்படியே சட்டையைக் கொடுத்துவிடுவார். இப்போது அவர் தைக்கும் சட்டை எல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. அதைப் பார்க்கத்தான் நட்டுவுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

"என்னம்மா, இன்னிக்காவது அடி விழுமா?" என்றார் கூட்டத்தில் ஒருவரான பஸ் ஓட்டுநர். அவர் செய்த பக்கத்தில் அவர் அம்மாவின் குடை அழகாக விரிந்து சுருங்கியது. அந்தப் பெருமையில் ஊரையே கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

"விழும் அண்ணே. உங்க மேலதான் முதல்ல ஒத்திகை."

நட்டு லிஃப்ட் முறையைக் கையாண்டிருந்தாள். லிஃப்டில் பெட்டி மேலே ஏறும்போது, கயிற்றின் மறுமுனையில் ஒரு கனத்த எடை கீழே இறங்கும். ஒன்று ஏற ஒன்று இறங்குவதால் மோட்டாருக்குச் சிரமம் பாதிதான். அதே மாதிரி கையில் நூல் கட்டி, தோளில் ஓட்டை போட்டு, முதுகுப் பக்கம் ஒரு குட்டி இரும்பு நட்டைத் தொங்கவிட்டாள். பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தால் கை கம்பீரமாக எழுந்தது. மேசையில் வைத்தால் நட்டும் படுத்தது, கையும் படுத்தது. எடை இறங்க ஆழம் வேண்டும். மல்லாந்து கிடக்கும் புத்தகத்தில் ஆழம் ஏது?

"அப்ப படிக்கிறவங்க எல்லாரையும் தலைகீழா நிக்கச் சொல்லிரலாம்" என்றார் ஓட்டுநர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றார் நூலகர் அம்மா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, கனமான அட்டையில் புதுக் கை வெட்டலாம் என்று பார்த்தால், அவளுடைய கத்திரியில் பசை காய்ந்து மூடவே முடியவில்லை. அவள் கையோடு உள்ளே கொண்டுவந்திருந்த அத்தானின் பை மேசையடியில் இருந்தது. கடைக்குப் போக வேண்டியிருந்ததால் கத்திரியை அதில் போட்டு வைத்திருந்தார். யோசிக்காமல் எடுத்து, அட்டையில் 'கர்ரக்' என்று ஓட்டினாள்.

வராந்தாவில் செய்தித்தாள் விழுந்தது. அத்தான் வாசலில் நின்றார்.

"ஏய்! அது துணிக் கத்திரி! காகிதத்துல வச்சா முனை மழுங்கிடும்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும்!"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சத்தம் கேக்கல? கதறுது அது!" விறுவிறுவென்று வந்து பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் மேசையைப் பார்த்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

ஓட்டுநர் தன் குடைப் பக்கத்தை மெல்ல மூடிவைத்தார்.

அத்தான் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் கையைத் தொட்டார். "இது ஏன் செத்த பல்லி மாதிரி கிடக்கு?"

"எழ மாட்டேங்குது அத்தான்."

"எப்படி எழும்? உடம்பை இடது, வலது ரெண்டு தாள்லயும் ஒட்டியிருக்க, அதனால நிக்குது. கையை ஒரு தாள்ல மட்டும் ஒட்டியிருக்க. சட்டைக் கையை முன்பக்கத்தோட மட்டும் தைச்சு விட்டா, போட்டவன் கையைத் தூக்க முடியுமா?"

நட்டு வாயைப் பிளந்தாள். அட, லிஃப்டுக்கு மோட்டார் வேண்டும், புத்தகத்துக்கு அது வேண்டாமே! திறக்கிறவருடைய கைதான் மோட்டார். தாள்கள் விரியும்போது, இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் மடிப்பு தானாக எழுந்து சாயும்.

மடித்து ஒட்டினார்கள். கை எழுந்து, முன்னால் சாய்ந்தது! ஓட்டுநர் விசில் அடித்தார். பக்கத்தை மூடியபோதுதான் தெரிந்தது, விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நீளம்" என்றார் அத்தான். ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்தத் துணிக் கத்திரியாலேயே, முழங்கையருகில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டிக் கச்சிதமாகக் குறைத்தார். இப்போது மூடினால் அடங்கியது. திறந்தால் அடி வெறும் காற்றில் விழுந்தது. காகித அத்தான் எட்டாத தூரத்தில், பக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னை ஏன் அங்க கொண்டுபோய் வச்சிருக்க?"

"எல்லாரும் தள்ளித்தானே உக்காருவோம்."

"நீங்க உக்காருவீங்க. நான் பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட அவகிட்டேருந்து தள்ளி உக்காந்ததில்ல. தோளைப் பாரு, இந்தப் பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கும்."

சொல்லிவிட்டு அவரே தன்னைப் பிய்த்து எடுத்தார், அக்காவின் முன்னால் நெருக்கி ஒட்டினார். பக்கத்தை மூடித் திறந்தார். சப்! மறுபடி திறந்தார். சப்! மூன்றாவது அடியில் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நூலகர் அம்மா எட்டிப் பசையை மூடினார். அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா படித்த ஒரு கதையை அடி விழுந்த இடங்களோடு சொல்ல ஆரம்பித்தார். ஓட்டுநர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் புத்தகம் கட்டுகிறவர் வந்து, "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். நட்டு காட்டினாள்: கையை நடுவில் மடித்து, ஒரு பாதியை இடது தாளிலும் மறுபாதியை வலது தாளிலும் நடுக்கோட்டுக்குச் சாய்வாக ஒட்ட வேண்டும். மூடினால் வெளியே தெரியாத அளவுக்கு நீளத்தைக் குறைக்க வேண்டும். அத்தானை அதே கோட்டின்மேல், கை எட்டும் தூரத்தில் உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதான், திறக்கும்போதெல்லாம் அடி விழும்.