பிறந்த வீட்டுக்குப் போன மண்

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், சாலையோரம் இருக்கும் திருமுருகனின் கொல்லையிலிருந்து, ஒரு சித்திரை மாத விடியலில் மண் எழுந்து வரப்பேறி அடுத்த கொல்லைக்குப் போனது. காற்றில்லை, மழையுமில்லை. மேல்மண் மட்டும் எறும்பு போகிற மாதிரி வரிசையாகப் போனது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன நாலு பேர் அதைப் பார்த்தார்கள். பால் கெட்டுவிடும் என்று நிற்காமல் போனார்கள். அடுத்த கொல்லை ஞானமேரியுடையது. பல வருஷமாக அவள் அதில் ஏர் கட்டவில்லை, டிராக்டரும் விடவில்லை. அறுத்த தாளையும் கரும்புச் சோகையையும் மண்மேல் பரப்பி, அதை விலக்கி மல்லாட்டை என்கிற நிலக்கடலையை ஊன்றுவாள். ஆரம்பத்தில் அவளுக்கு விளைந்தது கோரைப் புல்தான். ஊரே சிரித்தது, ஊரைவிட அதிகம் சிரித்தவன் திருமுருகன். அவனோ பட்டத்துக்குப் பட்டம் ரோட்டவேட்டர் விட்டு மண்ணை மாவாக்கி, மிச்சத் தழையைக் கொளுத்தி, கொல்லையைக் கூட்டிவிட்ட வாசல் மாதிரி வைத்திருந்தான்.

இப்போது தினமும் விடிந்ததும் அவன் கடப்பாறையைக் குத்திப் பார்த்தான். சித்திரையில் முழங்கை ஆழத்தில் பாறை ணங்கென்றது. வைகாசியில் ஒரு சாணிலேயே கேட்டது. ஆனி பிறந்தபோது நாலு விரல்கடைதான் மிச்சம். அந்த ஓசையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கொல்லையை விட்டால் அவனுக்கு வேறு பிடி மண் கிடையாது. மண் போனால் போகட்டும், விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டலாம் என்று மச்சான் பிரவீன்குமார் ஆறுதல் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து தூக்கமும் போனது. பொறுக்கமாட்டாமல் ஞானமேரியிடம் சண்டைக்குப் போனான். அவள் கொல்லை முழங்கால் உயரம் மேடேறி, போர்வெல் குழாயின் வாய் புதைந்துகிடந்தது.

“என் மண்ண குடுத்துடு மேரிக்கா.”

“நான் கூப்பிடல தம்பி, அதுவா வருது. மாதா கோயில்ல கூட மண்ணு திருடின்னு பாக்குறாங்க. எனக்குந்தான் பேஜாரா கீது.”

அவன் ஜேசிபி கொண்டுவந்து மண்ணை அள்ளித் தன் கொல்லையில் கொட்டினான். மறுபடி ஓடிவிடாமல் படியட்டும் என்று மேலே ரோட்டவேட்டரும் விட்டான். மறுநாள் அத்தனையும் திரும்பிப் போனது, போகாமல் இருந்ததையும் சேர்த்து அழைத்துக்கொண்டு. கடப்பாறை வைத்த இடத்திலேயே ணங்கென்றது. திருமுருகன் பாறைமேல் உட்கார்ந்து அழுதான். சோறு கொண்டுவந்த அவன் மனைவி சங்கவி தூக்கை இறக்கி வைத்தாள்.

“நான் கோவிச்சிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போனப்ப ஜேசிபி வெச்சா அள்ளியாந்த? பெரியவங்கள இட்டுக்கினு வந்து கைகட்டி நின்ன இல்ல?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கொல்லை ஞானமேரியின் அப்பா பாக்கியசாமியிடம் அவன் அப்பா வாங்கியது. மண் போனது பிறந்த வீட்டுக்கு.

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா சின்னதுரை முன்னே நடக்க, வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு திருமுருகன் பின்னே போனான். ஞானமேரி பெண் வீட்டு முறைக்கு டீ கொடுத்தாள்.

“பையன் அறியாம பண்ணிட்டான், பொண்ண அனுப்பி வைம்மா,” என்றார் சின்னதுரை.

“அனுப்புறேன். ஆனா அது மேல ஒரு துணி போட்டியா தம்பி? போட்டிருந்த தழையையும் கொளுத்திட்டு வெட்டவெயில்ல நிக்க வெச்ச. வருசம் பூரா மிசின வுட்டு அறுத்துக்கினே இருந்த.”

திருமுருகன் தலை நிமிராமல் மண்ணைப் பார்த்து, இனிமேல் செய்யமாட்டேன் என்றான். உழாமல் விட்டு வெறும் கோரை முளைத்தால் என்ன செய்வது? ஆனால் சபையில் கொடுத்த வாக்கு.

மறுநாள் பாதி மண் வந்தது. மீதி அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சோகை பரப்பி மல்லாட்டை ஊன்றினான், பாதிகூட விளையவில்லை. கோரை முட்டியளவு நின்றது. டிராக்டர்காரர் சீனுவாசனுக்குப் பலமுறை போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தான். அடுத்த வருஷமும் பயந்துகொண்டேதான் பரப்பினான். சோகைக்கடியில் மண்புழு நெளிந்தது, கோரை அடங்கியது, மீதி மண்ணும் வந்து சேர்ந்தது. குத்திய கடப்பாறை சத்தமில்லாமல் இறங்கியது. அதைத் திரும்பப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதற்கடுத்த ஆடி ஒன்றாம் தேதி கொல்லை மறுபடி வெறும் பாறையாகக் கிடந்தது. அவன் தலைதெறிக்க ஓடினான். ஞானமேரி சிரித்தாள். “ஆடி மாசம்பா. பொண்ணு அம்மா வூட்டுக்கு வராதா?”

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது ஊருக்கு. திருமுருகனுக்கு மட்டும் ஆவணிப்பட்டம் என்றாகிவிட்டது. ஆடியில் பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் பாறையைக் காட்டிக் கேட்டால், மண் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். ஆவணி பிறந்ததும் திருமுருகன் தட்டோடு போய் அழைத்து வருகிறான். இதுவரை ஒரு வருஷமும் அது வராமல் இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும், அழைத்து வந்த மறுநாள் விடிந்ததும், அவன் கடப்பாறையைக் குத்திப் பார்க்கிறான்.