குட்டைக்கு வந்த சிறுத்தை

காட்டுக் குட்டையின் ஓரத்தில், மறைப்புக் கூடாரத்துக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த படக்காரருக்கு அன்று படம் எடுக்கும் ஆசை துளியும் இல்லை. எதிரே மீன்கொத்தி ஒன்று பாய்ந்து பாய்ந்து வித்தை காட்டியது. மற்ற நாளாக இருந்தால் கேமரா சூடாகும்வரை அமுக்கித் தள்ளியிருப்பார். இன்று கண் முழுக்க எதிர்ப் புதர்மேல். ஒரு சிறுத்தை வர வேண்டும். சாகவில்லை என்று ஒரே ஒரு முறை தலை காட்டிவிட்டுப் போனால் போதும்.

போன வாரம் அந்தப் பெண் சிறுத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, இதே கரையில் முட்டி மோதித் திரிந்தது. சுற்றிப் பார்க்க வந்த எந்தப் புண்ணியவான் வீசிய டப்பாவோ. இவர்தான் முதலில் பார்த்து ஆள் அனுப்பினார். கால்நடை மருத்துவர் வந்தார். உச்சி வெயிலில் மயக்க ஊசி போட்டால் உடம்புச் சூடு எகிறிவிடும், வெயில் தாழட்டும் என்றார். இவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் எங்காவது போய் விழுந்துவிடும், போடுங்கள் என்று நச்சரித்தார். மருத்துவரும் போட்டார். டப்பா கழன்றது. ஆனால் மயக்கம் தெளிந்த சிறுத்தை, நாக்கைத் தொங்கப் போட்டபடி தள்ளாடிப் புதருக்குள் போனதுதான், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவசரப்பட்டு ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமே என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவரும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கோபம்தான், வேறென்ன.

வெயில் சாயும் நேரம், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் சட்டென்று சிதறின. புதரை விலக்கிக்கொண்டு ஒரு சிறுத்தை வந்தது. இடப்பக்கம் தெரிய நின்று குடித்தது, திரும்பி வலப்பக்கம் காட்டியபடி போய்விட்டது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்தார்.

இது அதுதானா? ஒரு சிறுத்தையின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. ஒரே சிறுத்தைக்கும் இந்தப் பக்கம் இருப்பதுபோல் அந்தப் பக்கம் இருக்காது. கூடத்தில் மாட்டுவதற்காக, இவர் எடுத்த அந்தப் பெண் சிறுத்தையின் பழைய படம் ஒன்றை மனைவி சரிசெய்திருந்தாள். அது கைப்பேசியில் இருந்தது. அதில் இடது தோளில் வரிசையாக மூன்று புள்ளி, பக்கத்தில் கொக்கிபோல் ஒன்று. வந்த சிறுத்தையின் இடது தோளில் அப்படி எதுவுமே இல்லை.

அப்படியானால் இது வேறு. இந்த இடத்துச் சொந்தக்காரி உயிரோடு இருக்கும்வரை இன்னொரு சிறுத்தை இவ்வளவு சாவகாசமாக அவள் குட்டையில் வாய் வைக்குமா? அந்தக் காட்டுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து கேமராவை மேசையில் வைத்தார். மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். எல்லாம் முடிந்தது, தோள் பொருந்தவில்லை என்றார். அவள் கூடத்துப் படத்தைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், முந்தானை நுனியைத் திருகினாள்.

"என்னங்க, திட்டக் கூடாது. நீங்க எடுத்த மாதிரியே மாட்டினா, அது கழிப்பறைக் கதவையே முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. வர்றவங்க சிரிப்பாங்களேன்னு கம்ப்யூட்டர்ல இடம் வலமா திருப்பிட்டேன். உங்களுக்கு அனுப்பினதும் அதைத்தான்."

காட்டையே கரைத்துக் குடித்தவர் என்று பேர் வாங்கிய மனிதர் மேசைக்கு ஓடினார். கேமராவை வாரி எடுத்து, சிறுத்தை திரும்பிப் போகும் படத்தைப் பெரிதாக்கினார். வலது தோளில் மூன்று புள்ளி. பக்கத்தில் கொக்கி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பாதித் தண்ணீர் சட்டையில்தான் போயிற்று.

சட்டையைக்கூட மாற்றாமல் மருத்துவரை அழைத்தார். திட்டினால் திட்டட்டும் என்றிருந்தது. சிறுத்தை வந்தது, குடித்தது, நன்றாக நடந்து போனது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவர் கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று நினைத்து, அன்று நச்சரித்ததற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"நீங்க கேட்டீங்க, சரி. ஊசி போட்டது என் கை இல்லையா?" என்றார் மருத்துவர். "செத்துப்போச்சுன்னு நீங்க சொல்லிருவீங்களோன்னு பயந்துதான் நான் உங்களைக் கூப்பிடவே இல்ல."