சுவரில் ஒட்டாத மா

1997 நவம்பர் 3ஆம் திகதி, கொழும்பு கிராண்ட்பாஸில் சுண்ணாம்புக்கல் அரைக்கும் சிறிய ஆலையொன்றில், கல்லோடு சேர்த்து முதன்முதலாகக் கிளைக்கோல் ஊற்றப்பட்டது. வழவழப்பான அந்தத் திரவம் ஓர் அந்தர், அதாவது ஏறத்தாழ ஐம்பது கிலோ கல்லுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

அதுவரை, கல்மா நுணுக நுணுக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சுழலும் உருளையின் உட்சுவரிலும் உள்ளே கல்லை நொறுக்கும் இரும்புக் குண்டுகளிலும் அப்பிக்கொள்ளும். குண்டுகள் மெத்தையில் விழுவதுபோல் விழும். மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றியதும் அப்பியதைக் கொத்தியெடுக்கக் காளியப்பன் சுத்தியலோடு உள்ளே இறங்குவான். பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த நாள் முதல் அதுதான் அவன் வேலை. வெளியே வரும்போது இமைமயிரும் வெள்ளை, காறித் துப்பினாலும் வெள்ளை.

"பேய்க்குப் பவுடர் போட்டாப்போல இரிக்கீங்க" என்று மேற்பார்வையாளர் மஜீட் சிரிப்பார்.

ஜிந்துப்பிட்டியில் அவனிருந்த அறையைப் பொலிஸ் சோதித்து அவனைக் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் மஜீட்தான் நிலையத்துக்குப் போனார். "அபே மினிஹா, சேர்" என்பார் சிங்களத்தில். எங்கள் ஆள். அந்தப் போர்க்காலத்தில் கொழும்பில் இருப்பதற்குப் பொலிஸிடம் சொல்ல, இந்த வேலையைத் தவிர அவனிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

கிளைக்கோல் பட்ட மா தண்ணீராய் ஓடியது. மூடியைக் கழற்றினால் உட்சுவர் பளபளத்தது.

"இனி உள்ளுக்கு எறங்கத் தேவல்ல, காளியப்பன். மொதலாளி ஆளக் கொறைக்கப் போறாராம்."

"வேல போனாப் போகட்டுங்க. பொலிஸுக்கு நான் என்னா சொல்றது?"

மஜீட் மூடியின் ஆணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார்.

திரவம் ஊற்றும் பொறுப்பு காளியப்பனுடையது. வியாழக்கிழமை அவன் அதற்குப் பதிலாக ஒரு வாளி தண்ணீரை ஊற்றினான். பழையபடி கொஞ்சம் ஒட்டினால் போதும் என்றுதான் நினைத்தான். நனைந்த மா சாந்தாய் இறுகி, குண்டுகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டது. மிஷின் உறுமி நின்றது.

மஜீட் கிளைக்கோல் கேனைத் தூக்கிப் பார்த்தார். "இது கொறயவே இல்ல. என்னத்த ஊத்தினீங்க?"

"தண்ணிங்க."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேற ஒருத்தருக்கும் செல்லாதீங்க. இந்தக் காலத்துல நாசவேல எண்டு எழுதினா, ரெண்டு பேரயும் ஜீப்புல ஏத்துவாங்க. இனி உங்களுக்காகப் பொலிஸுக்கு வர எனக்கேலா, காளியப்பன்."

அவன் உள்ளே இறங்கினான். பொழுது சாயும்வரை கொத்தினான். மேலே வந்தபோது முதலாளி அவனுடைய சம்பளக் கணக்கை முடித்துவைத்திருந்தார்.

அடுத்த செவ்வாய் விடியற்காலை பொலிஸ் ஜிந்துப்பிட்டிக்கு வந்தது. எங்கே வேலை என்று கேட்டதற்குக் காளியப்பன் ஆலையின் பெயரைச் சொன்னான். காலை எட்டு மணிக்கு, அவனைக் கொண்டுபோன நிலையத்திலிருந்து ஆலைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. முதலாளி பக்கத்தில் நின்றார். இங்கே வேலை செய்த ஆள்தான், இப்போது இல்லை என்று மஜீட் சிங்களத்தில் சொன்னார். வேறு எதுவும் கேட்கப்படவில்லை.

பிறகு அவர் கரண்டியை எடுத்துக் கிளைக்கோலை அளந்து ஊற்றினார். சுத்தியல் ஆணியில் தொங்கியது. அன்று ஆலை மாலைவரை நிற்காமல் ஓடியது.