சூளை வளைவு

"பிறந்த வீட்டுக் கோடி வரட்டும்" என்று இருளப்பசாமி இரண்டாம் முறை குரல் கொடுத்தார். ராஜகுரு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. புதுச்சேலை இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தல் காலோடு ஒட்டி நின்றான்.

நீர்மாலைக்குப் போன பெண்கள் குடத்தில் தண்ணீரோடு திரும்பிவந்து, குளிப்பாட்டி முடித்து, மறைப்புக்குப் பிடித்திருந்த வேட்டியையும் விலக்கிவிட்டார்கள். அக்கா கோகிலாம்பாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு பெஞ்சில் கிடந்தாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ரோஷினி மத்தியானம்தான் வந்து சேர்ந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இருளப்பசாமி அக்காவின் புருஷன் ஐயாத்துரைக்குப் பெரியப்பா மகன். பாளையம்பட்டியில் அந்தத் தெருவில் யார் வீட்டுச் சாவுக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான். ராஜகுருவின் அருகில் வந்து, பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"எடுக்கலாம். அதுக்கு முன்னாடி அத்தான்கிட்ட ஒரு விசயம் கேக்கணும்" என்றான் ராஜகுரு.

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தாமல் பிணத்தைத் தூக்க முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை திருச்சுழி ரோட்டில் நடந்த மாரத்தானில் அக்கா ஓடினாள். முடிவுக் கோட்டைத் தாண்டி நான்கு எட்டு வைத்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. மல்லாங்கிணற்றில் உரக்கடையைத் திறந்துகொண்டிருந்த ராஜகுருவுக்குப் போன் வந்தது. பஸ்ஸில் வரும்போது அவன் அழவில்லை. இது ஒருநாள் நடக்கும் என்று தான் சொல்லிக்கொண்டே இருந்ததை நினைத்துக்கொண்டு வந்தான்.

சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதில் ஆரம்பித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தவள் ஓட ஆரம்பித்தாள். பிறகு பாலவனத்தம், விருதுநகர், காரியாபட்டி என்று எங்கே பந்தயம் வைத்தாலும் போனாள். ஐயாத்துரை மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருந்தார். பந்தய நாளில் கடையை அடைத்துவிட்டு அவரும் பின்னாலேயே வண்டியில் போவார். அவளுக்குக் கிடைத்த மெடல்களைக் கடையில் பெல்ட் தொங்கும் ஆணிகளிலேயே மாட்டி வைத்திருந்தார்.

ஒரு தடவை மல்லாங்கிணறு வழியாகப் பந்தயம் போனது. ராஜகுரு கடை வாசலில் நின்று பார்த்தான். பேண்ட் போட்டுக்கொண்டு, வேர்த்து வடிந்து அக்கா வந்தாள். எதிர்ப்பக்கம் பாலத்துக் கட்டையில் ஏறி நின்றுகொண்டு அத்தான் தொண்டை கிழியக் கத்தினார். "கோகிலா, விடாத. மூச்ச உள்ள இழு. இன்னும் ரெண்டு பாலந்தான்." உர மூடை வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜகுருவால் தலை நிமிர முடியவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டான். அவள் கோபப்படவில்லை.

"உங்க அத்தான் கத்துறதுக்காகத்தான்டா ஓடுறேன். வீட்டுக்குள்ள என்னைக்காச்சும் என் பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்காகளா? ஏய், இந்தா, அவ்வளவுதான். மூச்சு முட்டுற எடத்துல அந்தச் சத்தம் கேக்கலைன்னா நான் அங்கனயே உக்காந்துருவேன்."

இதை அவள் அவனிடம் மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ராஜகுருவின் காதில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. ரோட்டில் விழுந்து செத்ததால் உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் உடனே யாருக்கோ போன் போட்டாராம். டவுனிலிருந்து ஓர் இதய டாக்டர் வந்து, இந்த அம்மாவைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தாராம். அக்கா எப்போது இதய டாக்டரிடம் போனாள்? கூடப்பிறந்தவனுக்குத் தெரியாமல் எதற்குப் போனாள்? பக்கத்து வீட்டுப் பெண், இரண்டு நாளாக அந்த வீட்டில் சத்தமாக இருந்தது என்று இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜகுரு திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தான் வாசலில் நிற்கவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நீட்டிய கையில் முழங்கை வரை கீறல்கள் இருந்ததை ராஜகுரு பார்த்தான். புதுக் கீறல்கள். இரத்தம் காய்ந்து புள்ளி புள்ளியாக இருந்தது.

அதன் பிறகுதான் சனோபர் வந்தாள். தனியார் பள்ளியில் டீச்சர். அக்காவோடு தினமும் மைதானத்தில் ஓடுகிறவள், காலையில் பந்தயத்திலும் கூடவே ஓடியவள். ஓடிய உடுப்போடு ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு, வீட்டுக்குப் போய்த் துணி மாற்றி வந்திருந்தாள். ராஜகுருதான் தம்பி என்று தெரிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழைய செங்கச் சூளை இருக்குல்லண்ணே, அந்த வளைவுலதான் அக்காவுக்கு எப்பவும் மூச்சு வாங்கும். ஐயாத்துரை அண்ணன் அங்க வந்து நிப்பாக. இன்னைக்கு அவுக இல்ல. அக்கா ஓட்டத்தக் கொறச்சு அந்தப் பக்கமே பாத்தாக. 'இவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு சனோபர்'னு சொன்னாக. அதுக்கப்புறம் ஓடுனாக பாருங்க, என்னால கூடப் போக முடியல."

அவள் அழுதாள். ராஜகுருவின் மனசில் ஒன்றுதான் நின்றது. அவர் அங்கே இல்லை. எத்தனையோ பந்தயத்தில் ஒரு தடவைகூடத் தவறாமல் நின்ற ஆள் இன்றைக்கு மட்டும் எங்கே போனார்? டாக்டர், சண்டை, கையில் கீறல், அறுக்க வேண்டாம் என்ற அவசரம் என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்த்தான். என்ன சந்தேகம் என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அதைக் கேட்காமல் கோடி போடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

கடை வீட்டின் முன்பக்கம்தான் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கி விட்டிருந்தார்கள். ராஜகுரு குனிந்து உள்ளே போனான். ஐயாத்துரை சுருட்டி வைத்த ஹோஸ் பைப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். அவனையும் அவன் கக்கத்தில் இருந்த பையையும் பார்த்தார்.

"காலைல எங்க நின்னீக அத்தான்?"

"சூளைக்குள்ள."

சுற்றி வளைத்துப் பேசுவார் என்றுதான் ராஜகுரு எதிர்பார்த்து வந்திருந்தான். அவரே சொன்னார். போன வாரம் படி ஏறும்போது அவளுக்கு நெஞ்சில் பிடித்துக்கொண்டது. டவுனில் டாக்டரிடம் காட்டினார்கள். இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும்போல் தெரிகிறது, மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும், அதுவரை வேகமாக நடக்கக்கூட வேண்டாம் என்றார். புதன்கிழமை போவதாக இருந்தது. ரோஷினிக்குப் பரீட்சை, அவளிடம் சொல்லக் கூடாது என்றாள் கோகிலா. தம்பியிடமும் சொல்லக் கூடாது, ஏற்கெனவே ஓடாதே என்கிறவன், தெரிந்தால் குதிப்பான் என்றாள். இந்த ஒரு பந்தயம் மட்டும் ஓடிவிட்டு மதுரைக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு நாள் சண்டை போட்டார். சண்டையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துப் பயந்து பேச்சை விட்டுவிட்டார்.

"என் சத்தம் கேக்கலைன்னா உக்காந்துருவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாள்ல. உங்கிட்டயும் சொல்லிருப்பா."

ராஜகுரு தலையசைத்தான்.

"அத நம்புனேன் மாப்ள. வண்டியச் சூளைக்குள்ள தள்ளி விட்டுட்டு வேலிக்கருவைக்குள்ள புகுந்து நின்னேன். உக்காந்தா அப்படியே ஏத்திக் கூட்டியாந்துரலாம்னு. வந்தா. நின்ன மாதிரிதான் இருந்துச்சு. நான் நிக்கிற பக்கம் திரும்பிப் பாத்தா. கண்ணு எம்மேல பட்டுருச்சோன்னு குனிஞ்சுட்டேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம்."

"நில்லுன்னு கூப்புட்டிருக்கலாமே அத்தான்."

"அவள ஒரு நாளும் நான் நில்லுன்னு சொன்னதில்லையே. என் சத்தம் கேட்டா ஓடுவான்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

ரோட்டில் வண்டி விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள் என்றும், கரிசல் காட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்து சேர்வதற்குள் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். அறுக்க வேண்டாம் என்று டாக்டரைக் கூப்பிட்டதும் தான்தான். அவளுக்கு ஊசி என்றாலே பயம்.

ராஜகுரு அவர் கைகளைப் பார்த்தான். கருவை முள் கிழித்த கைகள்தான். அவர் பேச்சில் எங்காவது இடறுகிறதா என்று முதலிலிருந்து யோசித்துப் பார்த்தான். இத்தனை நேரம் கட்டிக்கொண்டு வந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவனுக்கு அது நிம்மதியாக இல்லை. இந்த மனிதன் மேல் கோபப்பட ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சனோபர் கூடவே ஓடுச்சுல்ல" என்றார் ஐயாத்துரை. "உங்கிட்டப் பேசிட்டிருந்ததப் பாத்தேன். என்னைய அங்கன காணோம்னு கோகிலா எதாச்சும் சொன்னாளாமா?"

அப்போதுதான் சனோபர் சொன்னது முழுக்க அவனுக்கு விளங்கியது. அக்கா ஏன் உட்காரவில்லை, சூளையைத் தாண்டி ஏன் அவ்வளவு வேகமாக ஓடினாள் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். அவரைப் பார்க்கத்தான் ஓடியிருக்கிறாள். அந்த வாக்கியம் ராஜகுருவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் போதும். இந்த மனிதர் இனி எழுந்திருக்க மாட்டார்.

வெளியே யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் சொல்லலியாம் அத்தான்."

ஐயாத்துரை அவன் முகத்தையே பார்த்தார். நம்பாத பார்வை. இத்தனை நேரம் அவன் அவரைப் பார்த்த அதே மாதிரி இப்போது அவர் அவனைத் துருவினார். ராஜகுரு பார்வையை விலக்கவில்லை.

"நெசமாவா மாப்ள?"

"நெசமாத்தான். கஷ்டமா இருந்ததாத் தெரியலியாம். நல்லாத்தான் ஓடுனாளாம்."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. ராஜகுரு அவரை எழுப்பி, ஷட்டருக்கடியில் தலை இடிக்காமல் குனிய வைத்து வெளியே கூட்டி வந்தான். இருளப்பசாமி விலகி வழிவிட்டார். ராஜகுரு பையிலிருந்து சேலையை எடுத்து உதறி, ரோஷினியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அக்காவின் மேல் போர்த்தினான். நெஞ்சுப் பக்கம் சுருங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிச் சரிசெய்தான். அப்போது பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்த நேரத்தில், சனோபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயாத்துரையை நோக்கி வருவதை ராஜகுரு பார்த்துவிட்டான். குறுக்கே போய் அவளை மறித்தான். அக்கா கடைசியாகச் சொன்னதை வேறு யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டான். இல்லை, அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும், கடைசிப் பேச்சு அவருக்குத்தானே சேரும் என்றாள்.

"வேண்டாம் டீச்சர்" என்றான். "அவருக்குச் சேர வேண்டாம்."

அவள் கண்ணில் சந்தேகம் எழுந்தது. இந்தத் தம்பிக்கு என்ன உள்நோக்கம் என்று பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு அவள் தலையிலிருந்த துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ரோஷினியின் பக்கத்தில் போய் நின்றாள். ரோஷினி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தோளில் கிடந்த பையை சனோபர்தான் மெதுவாகக் கழற்றி வாங்கினாள்.

சுடுகாட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஐயாத்துரைக்குத் தலையையும் மீசையையும் மழித்தார்கள். அவர் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவர்களுக்காக மோட்டார் போட்டுவிட்டிருந்தார். தொட்டியில் விழும் தண்ணீருக்குக் கீழே ஐயாத்துரை உட்கார்ந்தார். சற்றுநேரம் மோட்டார் ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேரிங் போய்விட்டது, மாற்றச் சொல்ல வேண்டும் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

மற்றவர்கள் குளித்து முடித்து வரப்பில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜகுரு மட்டும் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றான். ஐயாத்துரை எழுந்தார். மழித்த தலையிலிருந்து சோப்பு நுரை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வீட்டில் குளித்து முடித்ததும் நீட்டுவதுபோல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

ராஜகுரு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.